சுழலும் தம்ளரில் இரட்டைப் புள்ளி: வளைந்த பொருளில் இங்க்ஜெட் அச்சு தெளிவாக விழ என்ன செய்வது?

செந்தூல்_குவளைக்கடை
திங்கள், இரவு 10:40

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அன்பளிப்புப் பொருள்களுக்கு அச்சிட்டுத் தரும் சிறிய கடை நடத்துகிறேன். கைப்பேசி உறை, மரப்பலகை, அக்ரிலிக் தகடு ஆகியவற்றுக்காக வாங்கிய யூவி பிளாட்பெட் பிரிண்டர் (தட்டையான மேடையில் அச்சிட்டு, புற ஊதா ஒளியால் மையைக் கெட்டியாக்குவது) ஒன்று இரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. தட்டையான பொருளில் அது அடிக்கும் படத்தைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சென்ற மாதம் அதற்கான ரோலர் இணைப்பை வாங்கி, பவுடர் கோட்டிங் செய்த எவர்சில்வர் தம்ளர்களில் அச்சிடத் தொடங்கினேன். தலைவலியும் அன்றே தொடங்கிவிட்டது.

ஒரு திருமண வீட்டார் விருந்தினருக்கு டோர் கிஃப்டாகக் கொடுக்க 300 தம்ளர் கேட்டிருக்கிறார்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. மணமக்கள் பெயரும், அதன்கீழ் 8 பாயிண்ட் எழுத்தில் ஒரு வாழ்த்து வரியும், தம்ளரைச் சுற்றி ஒரு வண்ணக் கோலப் பட்டையும் வர வேண்டும். பெயர் ஒருவாறு தேறுகிறது. வாழ்த்து வரிதான் மானத்தை வாங்குகிறது. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் நிற்கின்றன. 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மணமகளின் தந்தை மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்து, "எழுத்துக்குத் தலையில் முக்காற்புள்ளி எதற்கு?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. 720 டிபிஐயிலிருந்து (அங்குலத்துக்கு 720 புள்ளி) 1440க்கு ஏற்றிப் பார்த்தேன். நேரம் இரட்டிப்பானதோடு எழுத்து இன்னும் தடித்ததுதான் மிச்சம்.

வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. கோலப் பட்டை சுற்றிவந்து தன் தொடக்கத்தைச் சந்திக்கும் இடத்தில் சில தம்ளர்களில் மட்டும் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுகிறது. மற்றவற்றில் சரியாக மூடிக்கொள்கிறது. அடுத்து, இருபது முப்பது தம்ளர் ஓடியதும் மை தெறிக்கும் நுண்துளைகளான நாசில்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. தட்டையான வேலையில் இப்படி நடந்ததே இல்லை. விற்றவரிடம் கேட்டால், வளைந்த பொருளில் இவ்வளவுதான் வரும் என்கிறார். அது உண்மைதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டுத்திரை
திங்கள், இரவு 11:25

தம்பி, நான் பிரிக்பீல்ட்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக சில்க் ஸ்கிரீன் அடிப்பவன். ஒரே நிறத்தில் 300 தம்ளர் என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை, ஸ்கிரீனில் அடித்துவிட்டு உறங்கப் போகலாம். புள்ளி புள்ளியாகவே நிற்கும். கோலம் பல வண்ணம் என்பதால்தான் உங்களுக்கு இந்தப் பாடு. வளைந்த பொருளில் இவ்வளவுதான் வரும் என்று உங்களுக்குச் சொன்னவர் வளைந்த பொருளில் அச்சடித்துப் பார்க்காதவர் என்பது மட்டும் எனக்கு உறுதி.

பாயான்_பொறியாளர்
செவ்வாய், காலை 7:15

வணக்கம் தம்பி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திர இயக்கக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏழெட்டு ஆண்டுகள் உருளை வடிவப் பொருள்களில் அச்சிடும் இயந்திரங்களோடு கழிந்தன. உங்கள் பதிவில் ஒரு செய்தி பாதி வேலையை முடித்துவிட்டது. புள்ளிகள் பக்கவாட்டில் பிரியாமல் மேலும் கீழுமாகப் பிரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தம்ளரை நிமிர்த்தி வைத்தால் மேல்-கீழ் என்பது, பிரிண்டரில் அது படுத்திருக்கும்போது ஹெட், அதாவது நாசில்களைத் தாங்கிய பகுதி, ஓடும் திசை. ஆகவே குற்றம் ரோலரில் இல்லை. ஹெட் போகும்போதும் திரும்பி வரும்போதும் துளிகள் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன.

தட்டையான பொருளில் விழாத பிழை தம்ளரில் மட்டும் ஏன் விழ வேண்டும்? உங்கள் பிரிண்டரில் ஹெட் தம்ளரின் நீளவாக்கில் ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் ரோலர் தம்ளரைச் சிறிது திருப்புகிறது. அப்படியானால் நாசில்களின் வரிசை தம்ளரின் சுற்றுவாக்கில் கிடக்கிறது. அந்த வரிசை 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் மேல் எல்லா நாசில்களும் ஒரே உயரத்தில் நிற்கும். தம்ளரின் மேலோ, நடு நாசில் மட்டுமே முதுகின் உச்சிக்கு நேராக நிற்கிறது; ஓரத்து நாசில்களுக்குக் கீழே தம்ளர் வளைந்து இறங்கிப் போய்விடுகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நடுவிலிருந்து விலகிய தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். தம்ளரின் விட்டம் 73 மில்லிமீட்டர் என்றால், ஓரத்து நாசில் 12.7 மில்லிமீட்டர் விலகி நிற்பதால், ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர். வட்டத்தின் துல்லியமான கணக்கில் 2.28 வரும். நீங்கள் ஹெட்டை 1.5 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்ததாக நினைக்கிறீர்கள். ஓரத்தில் அது 3.8 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறது.

இனி வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள். இந்த வகை ஹெட்டிலிருந்து மைத்துளி நொடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகத்தில் புறப்படும். கூடுதலான அந்த 2.28 மில்லிமீட்டரைக் கடக்க அதற்கு 0.38 மில்லி நொடி வேண்டும். ஹெட் நொடிக்கு 400 மில்லிமீட்டர் ஓடினால், அதற்குள் துளி ஓடும் திசையில் 0.15 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். போகும்போது ஒரு பக்கம் 0.15, வரும்போது எதிர்ப்பக்கம் 0.15, ஆக 0.3 மில்லிமீட்டர் பிளவு. 8 பாயிண்ட் எழுத்தில் மெய்ப்புள்ளியின் குறுக்களவே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும் என்பதால், ஒரு புள்ளி சுத்தமாக இரண்டாகிறது. ஆய்த எழுத்தாவதற்கு இன்னும் ஒன்றுதான் குறைவு. உண்மையில் நிலைமை இதைவிடச் சற்று மோசம். நுண்ணிய துளி காற்றில் போகப்போக வேகம் இழக்கும், தம்ளர் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பிந்தி வரும். துளியின் பின்னால் உதிரும் சிறு தெறிப்புகள் இன்னும் எளிதில் தடுமாறும். சுழிகளை அடைப்பவை பெரும்பாலும் அவைதான்.

டிபிஐயைக் கூட்டியபோது எழுத்து ஏன் தடித்தது என்பதும் இதிலிருந்தே புரியும். 1440இல் ஒரே இடத்தின்மேல் ஹெட் அதிக முறை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் தொடுவது வேறு நாசில். ஒரு முறை நடு நாசில், ஒரு முறை ஓரத்து நாசில். சரியாக விழுந்தவற்றோடு தவறி விழுந்தவையும் சேர்ந்து கோடு பருத்துப் போகிறது.

ஆகவே முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, இருதிசை அச்சை நிறுத்தி ஒரு திசையில் மட்டும் அச்சிடுங்கள். மற்றொன்று, உங்கள் மென்பொருளில் பயன்படுத்தும் நாசில்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். நடுவில் இருபுறமும் 4 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியை அணைத்துவிட்டால், உயர வேறுபாடு 2.28இலிருந்து 0.22 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். நாசில்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால் நேரம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நடு நாசில் உண்மையிலேயே தம்ளரின் உச்சிக்கு நேராக நிற்கிறதா? ரோலர் இணைப்பு 3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், நீங்கள் நடுவென்று ஒதுக்கிய நாசில்களின் ஒரு ஓரம் உச்சியிலிருந்து 7 மில்லிமீட்டரில் இருக்கும். அங்கே இறக்கம் 0.67 மில்லிமீட்டர். இதைக் கண்டுபிடிக்க, எல்லா நாசில்களையும் திறந்துவைத்து, இருதிசையிலும், தம்ளரைத் திருப்பாமல் ஒரே பட்டையாக மெல்லிய கோடுகளை அடியுங்கள். பட்டையின் நடுவில் கோடு ஒற்றையாகவும் இரு ஓரங்களிலும் சம அளவில் பிளந்தும் இருந்தால் இணைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒற்றையாக இருக்கும் இடம் நடுவை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, இணைப்பை அவ்வளவு நகர்த்துங்கள்.

செந்தூல்_குவளைக்கடை
செவ்வாய், இரவு 11:50

ஐயா, மிக்க நன்றி. கடையை அடைத்துவிட்டு நீங்கள் சொன்ன கோட்டுச் சோதனையை அடித்துப் பார்த்தேன். பட்டை முழுவதும் பார்த்தால் சவுக்கு நுனி பிரிந்தது போல இருக்கிறது: ஓரிடத்தில் ஒற்றைக் கோடு, அங்கிருந்து இரு பக்கமும் போகப்போக மெல்ல இரண்டாகப் பிளக்கிறது. ஆனால் அந்த ஒற்றை இடம் நடுவில் இல்லை. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. இணைப்பின் அடியில் இருக்கும் ஊசியை இத்தனை நாளும் தவறான துளையில் செருகியிருக்கிறேன். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இணைப்பை நகர்த்தி, நாசில்களைக் குறைத்து, ஒரே திசையில் அச்சிட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் புள்ளி ஒன்றாகவே நிற்கிறது. ஆனால் மூன்று நிமிடத்தில் முடிந்த தம்ளருக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகிறது. 300 தம்ளருக்கு 40 மணி நேரம். செய்துதான் ஆக வேண்டும்.

கோலப் பட்டையின் இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

கெப்போங்_வரைகலை
புதன், காலை 9:05

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர்கள் கேட்பது நேரான தம்ளர் இல்லை; வாய் அகன்று அடி குறுகியது. மேலே விட்டம் 85, கீழே 70, உயரம் 150 மில்லிமீட்டர். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு விசிறி வடிவில் படத்தை வளைத்துக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. அதே கோப்பைச் சுழலும் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு கடைக்கு அனுப்பினேன். எழுத்து வரி தம்ளரில் வானவில் போல வளைந்து வந்தது. என் தவறா, இயந்திரத்தின் தவறா?

பாயான்_பொறியாளர்
புதன், காலை 10:30

அம்மா, தவறு கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைப் பார்த்த உடனே கடைக்காரர் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும்.

ஸ்டிக்கர் என்பது கூம்பை வெட்டி விரித்த தோல். விரித்தால் அது விசிறியாகத்தான் கிடக்கும். சுழற்றி அச்சிடும்போது எதையும் விரிப்பதில்லை. தம்ளர் ஒரு பாகை திரும்பினால் படத்தில் ஒரு நெடுவரி விழுகிறது, வாயிலும் அடியிலும் அதே பாகைதான். ஆகவே நேரான வரியை நேராகக் கொடுத்தால் அது தம்ளரைச் சுற்றி நேராகவே ஓடும். நீங்கள் முன்கூட்டியே வளைத்துக் கொடுத்தீர்கள். இயந்திரம் அந்த வளைவையும் உண்மையாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டது.

அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவும் முடியாது. அதே பாகை வாய்ப்பக்கம் அதிக தூரத்தையும் அடிப்பக்கம் குறைந்த தூரத்தையும் பிடிக்கிறது. நடுவில் 77.5 விட்டத்திற்கு அளவு வைத்தால், வாயருகே எழுத்து அகலத்தில் 9.7 விழுக்காடு நீளும், அடியருகே அதே அளவு குறுகும். ஒரு வட்டத்தை அச்சிட்டால் அது பேரிக்காய் போல வரும். வாய்ப்பக்கம் அகலத்தை ஒடுக்கியும் அடிப்பக்கம் விரித்தும் கொடுங்கள். மையின் அடர்த்தியிலும் இதே கதை நடக்கும்: சம எண்ணிக்கைத் துளிகள் அடியில் நெருங்கியும் வாயில் கலைந்தும் விழுவதால் ஒரே நீலம் கீழே கருநீலமாகத் தெரியும். அடிப்பக்கத்தைப் படிப்படியாக வெளிறச் செய்து கொடுத்தால் சமமாகிவிடும்.

இயந்திரத்தின் பக்கம் இரண்டு தேவைகள் உண்டு. தம்ளரின் முதுகுக் கோடு ஹெட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். உங்கள் அளவுக்குத் தம்ளரின் சுழல் அச்சை 2.86 பாகை சாய்க்க வேண்டும். இன்னொன்று, கூம்பு வடிவத் தம்ளரை இரு ரோலர்மேல் உருட்டாதீர்கள். ஒரே ரோலர் 85 விட்டத்தையும் 70 விட்டத்தையும் ஒரே நேரத்தில் உருட்ட முடியாது. எங்கேனும் வழுக்கியே தீரும், தம்ளரும் மெல்ல நகர்ந்து ஓரம் போகும். வாயையும் அடியையும் பிடித்துச் சுழற்றும் வகைதான் இதற்கு உகந்தது.

பிறை_மைக்கூடம்
புதன், மதியம் 1:20

வணக்கம். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் யூவி மை சார்ந்த தொழில்நுட்ப உதவிப் பணியில் இருக்கிறேன். நாசில் அடைபடுவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

யூவி மை வெயிலில் துணி காய்வது போலக் காய்வதில்லை. விளக்கின் ஒளி பட்டதும் மைக்குள் இருக்கும் ஒளித்தூண்டி உடைந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நொடிக்குள் கெட்டியாகிவிடுகின்றன. அந்த ஒளி தம்ளரின் மேல் பட்டாலும் சரி, ஹெட்டின் அடித்தகட்டில் பட்டாலும் சரி, மை கெட்டியாகத்தான் செய்யும். தகட்டில் கெட்டியாகிவிட்டால் திரும்ப வராது. பெரும்பாலான எல்இடி விளக்குகள் 395 நானோமீட்டரில் ஒளிர்வன. தட்டையான வேலையில் ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடையே சிறு சந்துதான் இருக்கும். பலகையும் பெரும்பாலும் ஒளியைச் சிதறடிக்கும். ரோலர் வேலையில் நிலைமை வேறு. ஹெட் தம்ளரின் விளிம்பைத் தாண்டிப் போகும்போது விளக்கின் கீழே தம்ளர் இருப்பதில்லை. பளபளக்கும் ரோலர் தண்டும் அலுமினியச் சட்டமும்தான் இருக்கின்றன. பூச்சு இல்லாத எவர்சில்வர் வாயோ அடியோ இருந்தால் அது கண்ணாடி போலவே வேலை செய்யும்.

செந்தூல் தம்பி, கடை விளக்கை அணைத்துவிட்டு, ஹெட் இருக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, யூவி விளக்கை மிகக் குறைந்த அளவில் எரியவிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு யூவி பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் அணியுங்கள். தாளில் எங்கே நீல ஒளி படிகிறதோ அங்கேதான் உங்கள் நாசில் சாகிறது. சட்டத்தையும் ரோலர் முனைகளையும் பளபளப்பில்லாத கறுப்புத் துணி நாடாவால் மூடுங்கள். அச்சை முடிக்கும்போது ஹெட் தம்ளரைத் தாண்டி ஓடும் தூரத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

தம்ளர் பெட்டிகளை ஏர்கோன் அறையில் வைத்திருக்கிறீர்களா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நம் ஊரில் 31 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் பிற்பகலில், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனி படியும். 22 பாகை அறையிலிருந்து தம்ளரைக் கொண்டுவந்து உடனே அச்சிட்டால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் அச்சிடுகிறீர்கள். அன்றைக்கு அழகாக இருக்கும். அடுத்த வாரம் கழுவும்போது கோலம் கையோடு வந்துவிடும். பெட்டியைப் பிரித்து, அச்சிடும் இடத்திலேயே இரண்டு மணி நேரமாவது வைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு அச்சிடுங்கள்.

ஒட்டுகிறதா என்று பார்க்க நாங்கள் 24 மணி நேரம் கழித்து ஐஎஸ்ஓ 2409 முறைப்படி கட்டம் கீறிப் பார்ப்போம்: 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்காக ஆறு, குறுக்காக ஆறு கீறல், 25 சிறு கட்டங்கள். அதன்மேல் நாடாவை ஒட்டி இழுக்க வேண்டும். ஒன்றும் உரியாவிட்டால் தரம் 0, அதுதான் சிறந்தது. 5 என்றால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். வாய் படும் விளிம்பில் மட்டும் எதையும் அச்சிட வேண்டாம். கறுப்புத் தம்ளரில் வண்ணத்துக்கு அடியில் வெள்ளை மை போடுகிறீர்கள் என்பதால் இன்னொன்று: அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது, இரவு முழுவதும் சும்மா இருந்தால் அடியில் படியும். காலையில் கலக்காமல் தொடங்காதீர்கள்.

பட்டுத்திரை
புதன், மாலை 6:45

பொறியாளர் ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. நாங்கள் தம்ளரில் ஸ்கிரீன் அடிக்கும்போது ரப்பர் கத்தி அசையவே அசையாது. சட்டம் பக்கவாட்டில் நகரும், அதற்கேற்பத் தம்ளர் அடியில் உருளும், கத்தி தம்ளரின் உச்சிக்கு நேராக ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நிற்கும். மை இறங்குவது அந்த ஒரு கோட்டில் மட்டும். என் முதலாளி எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே கத்தியை உச்சிக்கு நேராக நிறுத்துவதுதான். அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் எழுத்தின் ஓரம் பிசிறும். இங்க்ஜெட்காரர்கள் இத்தனை கணக்குப் போட்டு வந்து சேர்ந்திருக்கும் இடமும் அதே கோடுதான் என்பதைப் பார்க்கச் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது.

செந்தூல்_குவளைக்கடை
வியாழன், இரவு 9:30

அக்கா, நீங்கள் சொன்னபடி வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தேன். இடது ஓரத்து ரோலர் முனையிலிருந்து ஒளி நேராக ஹெட் நிற்கும் இடத்தில் ஒரு வில் போலப் படிந்தது. நாடா ஒட்டியபின் இன்று 34 தம்ளர் ஓட்டினேன். ஒரு நாசில்கூட விழவில்லை. பெட்டிகள் மேல்மாடியில் ஏர்கோன் அறையில்தான் இருந்தன. கீழே இறக்கிவிட்டேன்.

கோலத்தின் இடைவெளியும் பிடிபட்டது. இடைவெளி விழுந்தவற்றை ஒரு பக்கமும் விழாதவற்றை ஒரு பக்கமும் அடுக்கினேன். இடைவெளி விழுந்தவை அனைத்தும் வெள்ளை. வெர்னியரில் அளந்தால் கறுப்பு 73.0, வெள்ளை 73.2. வெள்ளைக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

பாயான்_பொறியாளர்
வெள்ளி, காலை 6:50

நன்றாகப் பிடித்தீர்கள். விட்டத்தில் 0.2 கூடினால் சுற்றளவில் 0.63 மில்லிமீட்டர் கூடும். நீங்கள் முதல் பதிவில் சொன்ன இடைவெளி அதுவே. ரோலர் தம்ளரின் மேற்பரப்பைத்தான் நகர்த்துகிறது, 229.3 மில்லிமீட்டர் படம் என்றால் 229.3 மில்லிமீட்டர் நகர்த்திவிட்டு நின்றுவிடும், தம்ளரின் சுற்றளவு 230ஐ நெருங்கினால் அதற்குத் தெரியாது. தம்ளரின் சுழல் அச்சைப் பிடித்துப் பாகையை எண்ணிச் சுழற்றும் இயந்திரத்தில் இந்தத் தொல்லை வராது. 360 பாகை முடிந்தால் படமும் முடிந்தது. தம்ளர் சற்றுப் பருத்திருந்தால் படமும் அதனோடு சேர்ந்து சற்று நீளும், ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

உங்களிடம் இருப்பது ரோலர் என்பதால், நிறத்துக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரையும் முழுமையாக நம்பாதீர்கள், தம்ளர் துல்லியமான வட்டமாக இருப்பது அரிது. மெல்லிய தாள் கீற்றைத் தம்ளரில் இறுகச் சுற்றி, இரு முனையும் மேல்படியும் இடத்தில் பிளேடால் ஒரே வெட்டாக வெட்டி, விரித்து அளந்தால் சுற்றளவு நேராகக் கிடைக்கும். ரோலரின் ரப்பர் வளையங்களில் பவுடரும் தூசியும் படிந்தாலும் வழுக்கும், அன்றாடம் துடையுங்கள்.

இதைத் தொழிலாகவே வளர்க்கப்போகிறீர்கள் என்றால் உருளைக்கென்றே செய்த இயந்திரத்தைப் பார்க்கலாம். அதில் நாசில் வரிசை தம்ளரின் நீளத்துக்கு இணையாகக் கிடக்கும், தம்ளர் நிற்காமல் சுழலும். ஆகவே இருதிசைப் பிளவு என்ற பேச்சே இல்லை. ஆனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லா நிற வரிசைகளும் உச்சிக் கோட்டின் மேலேயே நிற்கின்றனவா, அல்லது ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுவாக்கில் அடுக்கியிருக்கிறார்களா? 73 விட்டத் தம்ளரில் உச்சியிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் வரிசையின் துளி, வளைவின் மேல் அளந்தால் 10.13 மில்லிமீட்டரில் விழும். அந்த 0.13ஐ ஒவ்வொரு விட்டத்துக்கும் மென்பொருள் திருத்தாவிட்டால் சிவப்பும் நீலமும் விலகி நிற்கும்.

இரண்டாவது, சுழற்சியை எண்ணிச் சொல்லும் என்கோடர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தம்ளரைப் பிடிக்கும் தண்டின் மேலேயே இருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் நான் பார்த்த இயந்திரத்தில் அது மோட்டாரின் பின்னால் இருந்தது. இடையில் ஒரு பல்பட்டை. படத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் விழுந்தன. மூன்று வாரம் ஹெட்டைக் கழற்றிக் கழுவினார்கள். நான் ஒரு தம்ளரைக் கையில் எடுத்துச் சுற்றிவர எண்ணினேன், 60 கோடு இருந்தது. தண்டின் கப்பியில் பற்களை எண்ணினேன், அதுவும் 60. நுணுக்கமும் போதுமானதாக இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 20,000 எண்ணிக்கை தரும் என்கோடரில் ஓர் எண்ணிக்கை என்பது உங்கள் தம்ளரின் மேல் 11.5 மைக்ரான், 600 டிபிஐயில் புள்ளிகளின் இடைவெளி 42 மைக்ரான் என்பதால் அது போதும். 10,000 என்றால் 23 மைக்ரான். பாதிப் புள்ளிக்கு மேல் ஆடும்.

செந்தூல்_குவளைக்கடை
ஞாயிறு, இரவு 8:15

கறுப்பு 150ம் முடிந்துவிட்டன. வெள்ளைக்குத் தாள் கீற்றால் அளந்து 229.9 என்று தனிக் கோப்பு வைத்தேன். கோலம் எங்கே தொடங்கியது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மணமகளின் தந்தை நேற்று வந்து வாழ்த்து வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மீதித் தொகையையும் கையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

போகிற போக்கில், மணமக்கள் பெயரிட்ட பேனாவும் 100 வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 12 மில்லிமீட்டர் விட்டம். இதே ரோலரில் வருமா ஐயா?

பாயான்_பொறியாளர்
ஞாயிறு, இரவு 9:00

அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். தம்ளருக்கு ஒதுக்கிய 4 மில்லிமீட்டர், பேனாவில் 1.5 மில்லிமீட்டர் இறங்கிவிடும். நடுவிலிருந்து இருபுறமும் 1 மில்லிமீட்டர் நாசில் மட்டும் வைத்தால் தெளிவாக வரும். ஆனால் ஒரு பேனாவுக்கு ஆகும் நேரத்தில் தேநீர் ஆறிவிடும்.

பட்டுத்திரை
ஞாயிறு, இரவு 9:20

பேனாவைப் பேட் பிரிண்டிங்கில் அடிக்க வேண்டும் தம்பி. சிலிக்கோன் மொத்தை வளைவுக்கு ஏற்பத் தானே வளைந்து கொடுக்கும்; பெயர் ஒரு நிறம்தானே. 100 பேனா ஒரு பிற்பகல் வேலை. என்னிடம் பழைய கைவிசை இயந்திரம் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பேனாக்களோடு வாருங்கள். தகடு செய்ய எழுத்தைக் கறுப்பு வெள்ளையில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வைத்து.